இரண்டு ரன் உண்டு

எனக்கு வேலை போனது ஒரே ஒரு சொல்லால். கெட்ட வார்த்தை என்று நினைக்கவேண்டாம். கெட்ட வார்த்தை பேசி வேலை போயிருந்தால் ஊரில் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். இது சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் சொல். இரண்டு வருஷம் அதைக் காதால் கேட்டேன், ஆனால் அது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கவனிக்கவில்லை. கேவலம் என்னவென்றால், கவனிப்பதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

நகரிப் பக்கத்து ஆந்திர எல்லைக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அம்மாவிடம் திட்டு வாங்குவது இரண்டிலும். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சார்ஜர் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் பக்கத்துக்கு லீக் கிரிக்கெட் வந்தது. பகுதிக்கு ஓர் அணி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முதலாளி வாங்கி, ஏலத்தில் ஆட்டக்காரர்களை எடுத்து, வருஷத்துக்கு மூன்று வாரம் இருபது ஓவர் ஆட்டம் ஆடுவார்கள். எங்கள் அணி சித்தூருக்கும் திருப்பதிக்கும் பொது. தோற்ற நாளில் சித்தூர்க்காரர்கள் அதைத் திருப்பதி அணி என்றார்கள். திருப்பதிக்காரர்கள் சித்தூர் அணி என்றார்கள். ஜெயித்த நாளில் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள முதல் சீசனில் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அணியை வாங்கியவர் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் முதலாளி. அவருக்கு ஆட்டம் தெரியாது, மாங்காய் தெரியும். பழம் என்றால் கையில் எடுத்தவுடன் கனம் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. ஏலத்திலும் அப்படியே எடுத்தார். விளைவாக, அந்த லீக்கிலேயே எடை அதிகமான அணி நாங்கள்தான். பந்து எங்களைத் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் தாண்டிவிட்டால் போனதுதான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மாம்பழ நிறத்தில் ஜெர்சி வேறு தைத்துக் கொடுத்திருந்தார். எதிரணி ரசிகர்கள் எங்களை ஊறுகாய் என்று கூப்பிட்டார்கள்.

வெளி மாநிலத்திலிருந்து ஒரே ஓர் ஆளை எடுக்கலாம் என்று விதி. முதலாளி எடுத்தது நாகர்கோவில் பக்கத்து மட்டையாளர் ஒருவனை. இருபத்தைந்து வயது, ஒல்லிக்குச்சி. படிவத்தில் அவன் எடையை யாரோ தப்பாக எழுதியிருந்ததால் அவன் தப்பித்து உள்ளே வந்தான். நன்றாக ஆடுவான், ஓடுவான். ஆனால் தெலுங்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. எங்கள் கேப்டன் பலமனேர்க்காரர், தக்காளி மண்டிக் குடும்பம். தெலுங்கும் கன்னடமும் வெளுத்துக்கட்டுவார், தமிழ் வராது. இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் 'குட் ஷாட்', 'பேட் லக்' இரண்டும் தெரியும். இரண்டாவதற்குத்தான் வேலை அதிகம். ஆகவே இவர்கள் நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார்கள். நான் ஒயரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். அதில் 'கோஆர்டினேட்டர்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் போய் என் நைனாவிடம் காட்டினேன்.

"நீ இன்னா வெளாட்ற?" என்று கேட்டார்.

"நான் வெளாடல நைனா. அவங்க பேசறத மாத்திச் சொல்றேன்."

"பேசறதுக்கு ஒரு ஆளு, அத்த மாத்திப் பேசறதுக்கு ஒரு ஆளு. அப்புறம் ஏன் தோக்காது?"

இதற்கெல்லாம் நான் கலங்கவில்லை. எனக்கு என் மொழிகளின்மேல் அசாத்தியக் கர்வம். வேலைக்கு நான் தேவை என்பது முதல் நாள் காலை டிபனிலேயே உறுதியானது. திருப்பதி லாட்ஜ் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர் நம் ஒல்லிக்குச்சியின் அருகே குனிந்து, பணிவாக, "ஏம் காவாலி?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று அர்த்தம். இவன் சடாரென்று எழுந்து நின்றான்.

"யாரப் பாத்து காவாலிங்கான்? நான் இவனுக்கு என்ன செஞ்சேண்ணே?"

நான் பாய்ந்து போய் விளக்கி, தோளைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு தோசை வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் இல்லாமல் அவன் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. கேப்டனும் அப்படித்தான்; அவனிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவர்களாக ஏதாவது பேச முயன்றால்கூட நான் விடுவதில்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்று நடுவில் போய் நிற்பேன். உண்மையைச் சொன்னால், பயம். அணியில் தமிழ் மட்டுமே தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் இருக்கும்வரை எனக்கு அட்டை. அவன் தெலுங்கு கற்றுக்கொண்டாலும் ஆபத்து, ஊருக்குப் போனாலும் ஆபத்து. மறுபடி ஒயர் சுருட்டப் போகவேண்டும்.

ஆபத்து வேறு வழியாக வந்தது. இவனும் கேப்டனும் சேர்ந்து மட்டை பிடித்தால் யாராவது ஒருவர் ரன் அவுட். ஐந்து முறை சேர்ந்து ஆடினால் நான்கு முறை இது நடந்தது. ஒருமுறை இரண்டு பேரும் ஒரே முனையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையில் விக்கெட் கீப்பர் அவசரமே இல்லாமல், தோட்டத்தில் பூப்பறிப்பதுபோல் பெயில்ஸை எடுத்தார். பயிற்சியில் 'எஸ்', 'நோ', 'வெயிட்' எல்லாம் ஒழுங்காகத்தான் வரும். ஆட்டத்தில் ஆள் கத்த, பந்து பறக்க, அவனவன் வாயில் அவனவன் தாய்மொழிதான் வரும். அது என்ன சொல் என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு மேளச் சத்தத்தில் கேட்காது.

கோச் என்னைக் கூப்பிட்டு, இதைச் சரிசெய்வது உன் பொறுப்பு என்றார். நான் ஓர் இரவெல்லாம் யோசிக்கவில்லை. டீ குடிக்கும் நேரத்தில் பட்டியல் போட்டுவிட்டேன். அவ்வளவு தன்னம்பிக்கை. 'வா'வுக்குத் தெலுங்கில் 'ரா', 'வேண்டாம்' என்பதற்கு 'வத்து', 'நில்' என்பதற்கு 'ஆகு'. ஒல்லிக்குச்சி மனப்பாடம் செய்தான். அடுத்த ஆட்டத்தில் வயதில் மூத்த கேப்டனைப் பார்த்து, அத்தனை பேர் எதிரில், "ரா! ரா!" என்று கத்தினான். கேப்டன் ஓடாமல் நின்று முறைத்தார். வாடா போடா என்று கூப்பிடுகிறான் என்று அவருக்குக் கோபம். பிறகு நான் மரியாதை விகுதியைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தேன். மரியாதையாக அழைத்து முடிப்பதற்குள் ஸ்டம்ப் போய்விட்டது. பட்டியலை எல்லாரும் மறந்தார்கள்.

இரண்டாவது சீசனில் முதலாளி மனம் மாறி ஒல்லி ஆட்களாக எடுத்தார். அணி ஜெயிக்கவே ஆரம்பித்துவிட்டது. கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், ஆடிக்கொண்டிருந்தவர்கள் இவனும் கேப்டனும். இவன் பந்தைத் தட்டினான், அது ஆளில்லாத இடத்தில் உருண்டது. எனக்கு இரண்டு ரன் கண்ணில் தெரிந்தது. இவன் ஏதோ கத்திக்கொண்டே ஓடினான். கேப்டன் அசையவில்லை. இவன் ஓடிக் கேப்டனின் முனைக்கே போய்ச் சேர்ந்து, அவர் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சுப் பையன்கள்போல நிற்க, ஆட்டம் முடிந்தது.

அன்று டிரெஸ்ஸிங் ரூமில் கேப்டன் மட்டையைத் தூக்கி மூலையில் அடித்தார். அவர் என்னிடம் தெலுங்கில் சொன்னதன் சாரம் இதுதான்: "என்னை இருக்கச் சொல்லிவிட்டு அவன் ஓடி வருகிறான். இரண்டு வருஷமாக இதே வேலை. எனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேப்டன் ஆகப் பார்க்கிறான்."

நான் ஒல்லிக்குச்சி தங்கியிருந்த லாட்ஜ் அறைக்குப் போனேன். தலையணையில் முகத்தை வைத்துப் படுத்திருந்தான்.

"தம்பி, கேப்டன் சொல்றாரு, நீ அவர 'இரு'ன்னு சொல்லிட்டு ஓடியாந்துகினு இருந்தியாம்."

"நானா? நான் எதுக்குண்ணே இருன்னு சொல்லப்போறேன்? ரன் உண்டுன்னுல்லா கத்துனேன்! ரெண்டு உண்டு, ரெண்டு உண்டுன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அவரு வேணும்னே வரல்ல."

அதற்குள் கேப்டனும் லாட்ஜுக்கு வந்து கீழ்த்தளத்து அறையில் இருந்தார்; நான் இறங்கிப் போய் அவரிடம், ரன் இருக்கிறது என்றுதான் சொன்னானாம் என்று நல்ல தெலுங்கில் சொன்னேன். "பொய்" என்றார். இவனிடம் வந்து பொய் என்கிறார் என்றேன். இவன் அழுதான். இப்படி அந்த மாடிப்படியில் ஆறு தடவை ஏறி இறங்கினேன். ஆறு தடவையும் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் முதலாளி தீர்ப்புச் சொன்னார். கேப்டனை இழக்க முடியாது. மூன்றாவது சீசனுக்கு நாகர்கோவில் ஆளை விட்டுவிடுவது. இதைத் தமிழில் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான்தான் அவனைத் துரத்துகிறேன் என்று தோன்றியது. என் அட்டையும் கூடவே போகிறது என்பதும் தோன்றியது; அதை மறைக்க விரும்பவில்லை.

"நான் பொய் சொல்லல்லண்ணே. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன்னு சொல்லுங்க" என்றான்.

அதைச் சொன்னதும் முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். எங்கள் பக்கத்தில் சத்தியம் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரே இடம்தான், காணிப்பாக்கம். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னவன் உருப்படமாட்டான் என்பது நம்பிக்கை. ஆட்டுத் திருட்டிலிருந்து அரசியல் வரை அங்கே தீர்ந்திருக்கிறது. ரன் அவுட் கேஸ் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். இருவரும் பிரமாணம் செய்யட்டும், பொய் சொன்னவன் வெளியே, என்றார் முதலாளி.

அடுத்த நாள் காலையில் நான்கு பேரும் அவர் காரில் போனோம். கேப்டனும் அவனும் குளத்தில் முழுகினார்கள். மொழிபெயர்ப்பவனும் முழுகவேண்டும் என்றார் முதலாளி. எதற்கு என்று கேட்டேன். பொய்யை மாற்றிச் சொன்னாலும் பொய்தானே என்றார். பாண்ட் சட்டையோடு முழுகினேன். பல் தந்தியடித்தது. நான்கு பேரில் மூவர் சொட்டச் சொட்டப் பிள்ளையார் முன்னால் போய் நின்றோம். நான் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் போய் நின்று தொண்டையைக் கனைத்தேன்.

அர்ச்சகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு?"

"நான் மொழிபெயர்க்கிறவன் சாமி."

"சாமிக்கு ரெண்டு பாஷையும் வரும். நீ தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் பேசும்போது எனக்கு வேலையில்லை. கேப்டன் கையை நீட்டிக் கற்பூரத்தை அணைத்துச் சொன்னார்: "வாடு 'ரெண்டு, உண்டு' அன்னாடு. நேனு உன்னானு. அந்தே." அவன் அப்படிச் சொன்னான், நான் நின்றேன், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

அடுத்து ஒல்லிக்குச்சி கற்பூரத்தை அணைத்தான். "நான் 'ரெண்டு உண்டு'ன்னு சொன்னேன். அவரு வரல்ல. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல்.

தெலுங்கில் 'உண்டு' என்றால் 'இரு', 'நில்' என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து தெரியும் எனக்கு. தமிழில் 'உண்டு' என்றால் என்ன என்பதும் தெரியும், ஆனால் எங்கள் பக்கத்தில் அதை யார் பேச்சில் சொல்கிறார்கள்? நாங்கள் 'கீது' என்போம். ரன் கீது, சோறு கீது. நாகர்கோவில்காரன்தான் எதற்கெடுத்தாலும் உண்டு என்பான். அவன் சொன்னபோது 'இருக்கிறது' என்று கேட்டேன், கேப்டன் சொன்னபோது 'இரு' என்று கேட்டேன். இரண்டும் ஒரே சத்தம் என்பது, இரண்டு மொழியும் கரைத்துக் குடித்த என் காதில் மட்டும் விழவேயில்லை. நான் நடுவில் இல்லாமலிருந்தால் முதல் வாரத்திலேயே அவர்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்திருப்பார்கள்.

இதற்குள் அங்கே கூச்சல். கேப்டன், "சூசாரா சார்! ஒப்புக்குன்னாடு!" என்று குதித்தார். இவன், "பாத்தியளாண்ணே, உண்டுன்னு சொன்னேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தான். இருவரும் ஜெயித்துவிட்டார்கள். முதலாளி, தமிழ்க்காரன் சாமி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், விஷயம் முடிந்தது என்று காருக்குக் கிளம்பிவிட்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இவன் போவான், கூடவே என் வேலையும் போகும், ஆனால் என் கர்வம் பத்திரமாக இருக்கும். பேசினால் இவன் இருப்பான், நான் மட்டும் போவேன், அதுவும் ஊர் சிரிக்க. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு நஷ்டம்தான். பிள்ளையாரைப் பார்த்தேன். அவரும் ஈரமாகத்தான் இருந்தார், அப்போதுதான் அபிஷேகம் முடிந்திருந்தது. இவன் இன்னும் என் கையை விடவில்லை, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றே அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் இன்னும் அதை மொழிபெயர்க்கவில்லை. ஓடிப்போய் முதலாளியை வாசலில் மறித்துச் சொன்னேன்.

அவர் ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டுப் புரிந்துகொண்டார். கேப்டன் வாயைப் பிளந்து நின்றார். பிறகு ஒல்லிக்குச்சியைப் பார்த்து, விரலால் தரையைக் காட்டி, "உண்டு?" என்றார். இவன் இரண்டு விரலைக் காட்டி, "உண்டு!" என்றான். கேப்டன் சிரித்த சிரிப்பில் அவர் ஈர வேட்டி அவிழ்ந்தது. பிடித்துக் கட்டிவிட்டவன் இவன்தான்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து அமைதியாக, "மரி நுவ்வெந்துகு?" என்றார். அப்படியானால் நீ எதற்கு? இதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் தேவை யாருக்கும் இல்லை. அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் அவர்கள் இருவரும் ஒரே பேச்சு. அவர் ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டி ஒரு சொல் சொல்வார், இவன் ஒரு சொல் சொல்வான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். தப்பும் தவறுமாகப் பேசினார்கள். ஒரு இடத்தில் இவன் சொன்னது ஒன்று, அவர் புரிந்துகொண்டது வேறொன்று. திருத்தலாமென்று வாயைத் திறந்தேன். "பரவால்லண்ணே" என்றுவிட்டான். முன் சீட்டில் ஈரத்தோடு உட்கார்ந்து எனக்கு வயிறு எரிந்தது. இவனுக்காகத்தான் சொன்னேன் என்பது சத்தியம், வயிறு எரிந்ததும் சத்தியம்.

மூன்றாவது சீசன் வந்தபோது நான் மறுபடி ஸ்ரீசிட்டியில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டத்துக்கு லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, திருப்பதி மைதானத்தில் கேலரியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். யாராவது பார்க்கமாட்டார்களா என்றும் இருந்தது. ஒரு விக்கெட் விழுந்து இவனும் கேப்டனும் சேர்ந்தார்கள். அழகாக ஆடினார்கள். ஓட்டம் எண்ணெய் போட்டதுபோல் இருந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. நான் தாங்கமுடியாமல் கீழே இறங்கி வேலியோரம் வந்துவிட்டேன்.

அப்போது இவன் பந்தை நேராகப் பாயின்ட்டில் நின்றவன் கைக்கு அடித்தான். ரன் இல்லை. கேப்டன் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். அவரை நிறுத்த இவன், அவர்மேல் இருந்த பிரியத்தில், அவர் மொழியிலேயே கத்தினான்: "உண்டு!"

கேப்டனும் பிரியத்தில் குறைந்தவரில்லை. தம்பி தமிழில் சொல்கிறான் என்று நம்பித் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"இருன்னு சொல்றான்! தெலுங்குல சொல்றான்!" நான் வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து நகர்ந்தார். ஒன்றும் பயனில்லை. இருவரும் ஒரே முனையில் நின்றார்கள். எதிர்முனையில் பெயில்ஸ் கீழே கிடந்தது.

கேப்டன் மெதுவாக நடந்து வெளியே வந்தார். கோட்டைத் தாண்டியதும் என் சத்தம் வந்த திக்கில் பார்த்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னா!" என்று கூப்பிட்டார். நிமிர்ந்தேன். மட்டையை என் பக்கம் நீட்டி, "உண்டு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதைத் தெலுங்கில் சொன்னாரா, தமிழில் சொன்னாரா? அங்கேயே இரு, வந்து உதைக்கிறேன் என்றாரா, உனக்கு இன்னும் வேலை உண்டு என்றாரா? எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து, கேலரி காலியாகி, நாற்காலி எடுக்கிறவர்கள் என்னைச் சுற்றி இருந்தவற்றையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டார்கள். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.